ஹார்வர்டுக்கு ஒரு இன்லாண்டு லெட்டர்

ஏலே பேராண்டி, அந்தக் கம்ப்யூட்டர மூடி வச்சிட்டு இங்கன வா. ஓடியா போயிரும்? அதுல ஓடிப்போற அளவுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். காலைலேருந்து தார்சாவுல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஒரு வரி அடிக்கே. மோட்டப் பாக்கே. அழிக்கே. பொறவு அதே வரிய மறுபடி அடிக்கே. ஒங்க ஆச்சி என்னடான்னா, பேரனுக்குக் கம்பெனில மூச்சு விட நேரமில்லன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வாரா. நான் வாயத் தொறக்கல.

இந்த நோவுக்கு நேத்து என்னமோ பேரு சொன்னியே? 'ரைட்டர்ஸ் பிளாக்'. பேரு தெரிஞ்சதும் ஒனக்கு வந்த நிம்மதி இருக்கே! சீக்கு பெரிய சீக்குதான்னு ஊர்ஜிதம் ஆன மாதிரி ராத்திரி குறட்ட விட்டு ஒறங்குன. 1940-கள்ல அந்தப் பேர வச்சவர் எட்மண்ட் பெர்க்லர்னு ஒரு மனோதத்துவ டாக்டர், ஆஸ்திரியாவுலேருந்து நியூயார்க் போயிக் குடியிருந்தவர்னு நீதான் போன்ல வாசிச்சே. பால் தராத அம்மை மேல அடிமனசுல கெடக்குற கோவந்தான் எழுத விடாமத் தடுக்குன்னு அந்த மனுசன் சொன்னாராம்லா? இத ஒங்க அம்மை காதுல போட்டுராத. பள்ளிக்கூடம் சேக்குற வரைக்கும் பால் குடிச்ச பய நீ. வெளக்குமாத்தோட வந்துருவா. இன்னொண்ணையும் கவனிச்சியா? அடைப்புக்குப் பேரு வச்ச டாக்டரு இருபதுக்கு மேல புத்தகம் எழுதித் தள்ளியிருக்காரு. அடைப்பு பூரா அடுத்தவனுக்குத்தான் போல.

சரி, கோவிச்சுக்காத. கணக்குக்கு வருவோம். ஹார்வர்டு எம்.பி.ஏ. விண்ணப்பத்துல மொத ரவுண்டுக்குக் கடைசித் தேதி செப்டம்பர் பொறந்த ஒடனே. இப்ப ஆடி முடியப்போகுது. ஜிமேட் பரிச்சைய முடிச்சிட்ட, மார்க்கும் நல்ல மார்க்கு. 2023 கடைசில வந்த புதுப் பரிச்சைல கட்டுரைப் பகுதியவே தூக்கிட்டான்னு அன்னைக்கு முத்தத்துல ஒரு குதி குதிச்சே. பரிச்சைக்காரன் விட்டத பள்ளிக்கூடத்துக்காரன் புடிச்சிக்கிட்டான். ஹார்வர்டு பல வருசமா ஒத்தக் கேள்விதான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, ஒன்னப் பத்தி நாங்க வேற என்ன தெரிஞ்சுக்கிடணும்னு. 2024-ல அத மூணாப் பிரிச்சிட்டான். நீ என்ன தொழிலுக்குப் போகப்போறே, எதனால, அதுல யாருக்கு என்ன பிரயோசனம்னு ஒண்ணு. அதுக்கு 300 வார்த்த. எதெல்லாம் ஒன்ன இப்பிடி ஆக்குச்சு, கூட இருக்குறவன எப்பிடி ஏத்திவிடுதேன்னு ஒண்ணு, 250. எதையாச்சும் நோண்டித் தெரிஞ்சுக்கிட்டது உண்டா, அதுல நீ எப்பிடி வளந்தேன்னு இன்னொண்ணு, அதுக்கும் 250. அங்கிட்டு ஸ்டான்போர்டுக்காரன், ஒனக்கு எல்லாத்தையும் விட முக்கியம் எது, அது ஏன்னு ரொம்ப வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கான். கலியாணம் ஆகி இம்புட்டு காலம் ஆச்சு, ஒங்க ஆச்சி ஒரு நாளு எங்கிட்ட அந்தக் கேள்வியக் கேட்டதில்ல. கேட்டிருந்தா நானும் மோட்டத்தான் பாத்திருப்பேன்.

ஆனா ஹார்வர்டுக்கு மூணும் சேத்து எண்ணூறு வார்த்ததான? கிரிக்கெட்டு நாளுன்னா ஒங்க கூட்டாளிமாரு வாட்சப்புல ராத்திரி ஒரு மணி வரைக்கும் அடிச்சுக்கிடுதது அதுக்கு எத்தனையோ மடங்கு. ஒனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் கெடையாது. வேற எதுக்கோ பஞ்சம்.

நீ அழிச்சு அழிச்சு எழுதுன அந்த ஒத்த வரியத் தமிழ்ல சொல்லிக் காட்டுன பாரு: 'சிறு வயது முதலே தலைமைப் பண்பும், மாற்றத்தை உருவாக்கும் வேட்கையும் என்னுள் கனன்றுகொண்டிருந்தன.' எங்கலே கனன்றுச்சு? நானும் அதே வீட்டுலதான இருந்தேன்? சின்ன வயசுல ஒங்கிட்ட இருந்தது சளி ஒண்ணுதான். ஆறாங்கிளாசுல லீடர் ஆக்குனாவன்னு, பேசுறவன் பேர போர்டுல எழுத மாட்டேன்னு அழுதுக்கிட்டு வந்த பய நீ. அது நல்ல கத. அத எழுதல, கனல எழுதுதே. அடுத்த வரில சினெர்ஜின்னு ஒண்ணு வந்துச்சு. நான் ஏதோ சத்துமாவுன்னு நெனச்சு ஆச்சிட்ட ஒரு பாக்கெட்டு வாங்கச் சொல்லலாம்னு இருந்தேன்.

அங்க அமெரிக்காவுல மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ உக்காந்து இத வாசிக்கப் போறாவ. அவங்கள நீ பாத்ததில்ல. பாக்காத அந்த ஆளுக்குப் புடிக்கும்னு நீயா ஒரு பயல மனசுல செஞ்சு வச்சிருக்கே. கோட்டு போட்டவன், தோக்காதவன், பொறந்ததுலேருந்து தலைவன். அந்தப் பய வந்து பேசட்டும், எழுதிக்கிடுவோம்னு விரல விசைப்பலகைல வச்சிட்டுக் காத்துக்கெடக்கே. அவன் எப்பிடிலே பேசுவான்? அவன்தான் இன்னும் பொறக்கவே இல்லியே!

இந்தக் கூத்த நான் நெறயப் பாத்தாச்சு. கிளைத் தபால் ஆபீசுல உக்காந்திருந்தவனுக்குத் தபால் மட்டுமா வேல? எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுக்கிறதும் நம்ம தலைலதான் விடியும். மவன் தாராவில தோல் பட்டறைல இருப்பான். அம்மைக்காரி இன்லாண்டு லெட்டர் ஒண்ணு வாங்கிட்டு முன்னால வந்து குத்தவச்சு உக்காருவா. "எழுதுங்கய்யா"ம்பா. "சொல்லுத்தா"ம்பேன். "அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல்." அம்புட்டுத்தான். அதுக்கு மேல வாய் பூட்டிக்கிடும். வாசல்ல நின்னு ஏசுனான்னா மூணு தெருவுக்குக் கேக்கும், அப்பேர்ப்பட்ட பொம்பள. பேனாவப் பாத்ததும் செந்தமிழ்ல ஒரு அம்மை வேணும்னு தேட ஆரம்பிச்சிருவா.

நான் பேனாவ மூடி மேசைல வச்சிருவேன். "லெட்டர் கெடக்கட்டும்த்தா. வெள்ளாடு குட்டி போட்டுச்சாமே?" அதுக்குப் பொறவு என் வேல கேக்கதுதான். "அதையேன் கேக்கிய, போட்டது ரெண்டு, ஒண்ணு செத்துப்போச்சு. ராத்திரி மழைல கெடந்து வெறச்சுப் போச்சு. மருமவட்ட சாக்கப் போத்துன்னேன், போத்தல. கேட்டா அவ அம்மை வீட்டுக்குப் போறேங்கா. இவன் இருந்தா இப்பிடி நடக்குமா…" நான் பையப் பேனாவத் தொறப்பேன். அவ என் மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே இருப்பா, கை பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும். அவ மூக்கச் சிந்தி முந்தானைல தொடைக்கும்போது லெட்டர்ல எடம் தீந்து, நான் ஓரத்தச் சுத்தி எழுதிக்கிட்டு இருப்பேன். பொறவு வாசிச்சுக் காட்டுவேன். "இதையெல்லாமாய்யா எழுதுனிய?"ன்னு வெக்கப்படுவா. மருமவளப் பத்தின நாலு வரிய எடுக்கச் சொல்லுவா. மூண எடுத்துட்டு ஒண்ண விட்டுருவேன். அதுக்குத்தான் மவன் லீவு போட்டுட்டு வருவான்.

அதனால நீயும் எழுதாத. சொல்லு. நான் இருக்கேன், எனக்குச் சொல்லு. எம்மேல நம்பிக்க இல்லன்னா அந்தப் போன்ல பதிவு பண்ணுத வசதி இருக்குல்லா, அதுக்குச் சொல்லு. சொன்னத அப்பிடியே எழுத்துல ஏத்து. அசிங்கமா இருக்கும், இருக்கட்டும். நம்ம தோட்டத்து மோட்டார் ஏர் புடிச்சிக்கிட்டா என்ன செய்வோம்? ஓடும், சத்தம் போடும், சொட்டுத் தண்ணி ஏறாது. வாய்க்கால்ல கெடக்குற கலங்கத் தண்ணிய ஒரு கொடம் மோந்து உள்ள ஊத்துவோம். அது நாத்துக்குப் பாய ஊத்துறதா? ஏர எடுக்க ஊத்துறது. நீ மொதக் கொடத்துலயே தீர்த்தம் வேணுங்கே. பீட்டர் எல்போன்னு அமெரிக்காவுல ஒரு வாத்தியாரு 1973-லயே புத்தகம் போட்டு இதச் சொல்லிட்டாராமே. பத்து நிமிசம் கைய எடுக்காம எழுது, திரும்பிப் பாக்காத, அழிக்காத, ஒண்ணும் தோணலன்னா 'ஒண்ணும் தோணல'ன்னே எழுதிக்கிட்டுப் போன்னு. அவர் ஊர்லயும் மோட்டார் இருந்திருக்கும்.

நம்ம டிபார்ட்மெண்ட் ஆளு ஒருத்தரு இருக்காரு, ஆந்தனி டிராலப்புன்னு. நான் சர்வீசுல இருக்கும்போது ஒரு இன்ஸ்பெக்டரு சொல்லிக் கேட்டது. இங்கிலாந்துல தபால் இலாகா உத்தியோகம். ரோட்டோரம் தபால் பெட்டி நிக்குதே, அத 1850-கள்ல சேனல் தீவுகள்ல வச்சுப் பாக்கலாம்னு யோசன சொன்னவர். வெள்ளன அஞ்சரை மணிக்கு மேசைல உக்காந்து, கடியாரத்த முன்னால வச்சுக்கிட்டு, கால் மணிக்கு 250 வார்த்தன்னு எழுதிட்டுத்தான் ஆபீசுக்குக் கெளம்புவாராம். நாப்பத்தேழு நாவல்லே! அவர் செத்த பொறவு வந்த சுயசரிதைல இந்தக் கணக்கு வெளிய வரவும், படிச்ச ஆளுக மூஞ்சியச் சுளிச்சிருக்காவ, இப்பிடி மணி பாத்து எழுதுனா அது கலையான்னு. எனக்கு என்ன தெரியும், தபால்காரனுக்கு நேரம்தான் கலை. ஒன்னோட ஒரு பதில் அந்த மனுசனுக்குக் கால் மணி நேரம். நீ மூணு வாரமா முக்குதே.

டியூக் யூனிவர்சிட்டில ஃபுக்குவான்னு ஒரு பள்ளிக்கூடம். ஒன்னப் பத்தி ஏதாவது இருபத்தஞ்சு விசயம் எழுதுன்னு அவங்க கேப்பாவன்னு சொல்லிச் சிரிச்சே. வெவரமான ஆளுகலே அவங்க! அங்க போறியோ போகலியோ, அந்தப் பட்டியல மொதல்ல போடுன்னேன். போட்டே. நீ ஒறங்குன பொறவு கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிச்சேன். மொறைக்காத, அடுத்தவன் லெட்டர வாசிச்சே பழகுன ஒடம்பு. மொத எட்டும் வேலைக்கு அனுப்புற பயோடேட்டாவுல உள்ளது. சரக்கு தீந்ததும் கொஞ்சம் பொய்யி. ஒனக்கு எப்பலே மலையேறப் புடிக்கும்? மொட்ட மாடிக்கே லிப்டு கேப்பே. பத்தொம்பதாவதுக்கு வரும்போது ஒறக்கச் சடவுல ஒரு வரி எழுதியிருக்கே: 'அம்மாவின் குழுவுக்குச் செய்த கணக்கு ஆப் தோற்றது.' அதுக்குக் கீழ கோடு போட்டு வச்சிருக்கேன், போய்ப் பாரு.

எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதே தார்சாவுலதான் செவ்வாக்கெழம சாயங்காலம் ஒங்க அம்மையோட மகளிர் குழு கூடும். நோட்ட விரிச்சு ஒவ்வொருத்தி பேரா வாசிப்பா. சந்தா எம்புட்டு, கடன்ல கட்டுனது எம்புட்டு, வட்டி எம்புட்டு, பாக்கி எம்புட்டுன்னு சத்தமாச் சொல்லி, கையெழுத்து வாங்கி முடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆகும். காலேஜு லீவுல வந்த நீ, இது போன்ல அஞ்சு நிமிச வேலன்னு சொல்லி, லீவு பூரா அறைக்குள்ள கெடந்து ஒண்ணச் செஞ்சே. ஒரு பைசா பிசகல, நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது வாரம் மேலத்தெரு அத்தை போன ஒங்க அம்மை மடில போட்டுட்டு, "மைனி, நோட்ட எடு"ன்னுட்டா. மத்தவங்களும் ஆமாம்னாவ. நீ அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. படிக்காத கூட்டம்னு மொனங்குனது எனக்குக் கேட்டுச்சு.

அதோட விட்டிருந்தா இதுல கதையே இல்ல. அடுத்த செவ்வாக்கெழம நீ மச்சுப்படில உக்காந்து, வாயத் தொறக்காம முழுக் கூட்டத்தையும் பாத்தே. பொறவு ஒவ்வொரு வீடாப் போயிக் கேட்டே. அப்பத்தான் ஒனக்கு வெளங்குச்சு, அவங்க சத்தமா வாசிக்கிறது கணக்குக்காக இல்லன்னு. எவ கட்டுனா, எவ கட்டலங்கறது எல்லார் காதுலயும் ஒரே நேரத்துல விழணும். ஜாமீன் அதுதான். நெலப் பத்திரமா இருக்கு அவங்ககிட்ட, அடமானம் வைக்க? போன்ல தெரியுற கணக்கு, போன வச்சிருக்கவ கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். நீ அவங்களுக்கு நேரத்த மிச்சம் புடிச்சுக் குடுக்கேன்னு ஜாமீன உருவிட்டே. தெரிஞ்சதும் வட்டிக் கணக்க மட்டும் போன் போடட்டும், பேரு வாசிக்கிறது நோட்டப் பாத்து அம்மை வாயாலயே நடக்கட்டும்னு மாத்துனே. ஒண்ணரை மணி நேரம் முக்கா மணி ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் அப்பிடித்தான் ஓடுது.

"இதெல்லாம் சின்ன விசயம் தாத்தா"ன்னு இழுக்காத. ஒங்கூட விண்ணப்பம் போடுத இஞ்சினியர் பயலுவள்ல பாதிப் பேரு, கிளவுடுக்கு மாத்துனேன், கம்பெனிக்கு இத்தன சதவீதம் மிச்சம் ஆச்சுன்னு எழுதுவான். வாசிக்கிறவங்களுக்கு அஞ்சாவது ஆளுலயே கண்ணு சொருகிரும். நோண்டித் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னு கேக்குற கேள்விக்கு இத எழுது. ஆனா ஆக்கங்கெட்டவனே, ஒத்தக் கதைய மூணு கேள்விக்கும் அரைச்சு ஊத்திராத. அடுத்தவன எப்பிடி ஏத்திவிடுதேங்கற கேள்விக்கு, ஒங்க ஆபீசுல புதுசா வந்த அந்தப் பிள்ள மீட்டிங்குல பேசப் பயந்துச்சுன்னு, அது எழுதுன திட்டத்த அது பேரச் சொல்லியே நீ எடுத்து வச்சே பாரு, அது போதும். ஸ்டான்போர்டு கேள்வியக் கடைசிக்குப் போட்டுரு. எல்லாத்தையும் எழுதி முடிச்ச பொறவு, எல்லாத்துலயும் எது திரும்பத் திரும்ப வந்திருக்குன்னு பாரு. அதுதான் ஒனக்கு முக்கியம். மொதல்லயே கண்ண மூடிக்கிட்டு யோசிச்சா ஒலக சமாதானம்னுதான் வரும்.

வார்த்தை எண்ணிக்கைய இப்பப் பாக்காத. ஆயிரம் எழுதிட்டு வெட்டு. வெட்டுறது எப்பிடின்னு மணியார்டர் வாசிச்சவனக் கேளு. பழைய மணியார்டர 2015-ல நிப்பாட்டியாச்சு, ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. பாரத்துக்கு அடில ஒரு துண்டு இருக்கும், அதுல ரெண்டு மூணு வரி எழுதலாம். தாராவிப் பய ஒருத்தன் எழுதியிருந்தான்: 'பணம் வாங்கிக்கவும். ஆட்ட விக்க வேண்டாம்.' வீட்டுல கஷ்டம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அம்மை என்ன செய்வான்னு தெரிஞ்சிருக்கு, பணம் எதுக்குன்னு தெரிஞ்சிருக்கு. பாசம்னு ஒரு சொல்லு கெடையாது. நீ பேஷனேட்டுன்னு நாலு எடத்துல போட்டிருக்கே. அத எடுத்தாலே இருநூத்தம்பதுக்குள்ள பாதி தூரம் வந்துருவே.

சென்னைல ஒரு ஆலோசகரு லட்சக்கணக்குல வாங்கிட்டு எழுதித் தாராராமே? இலவசமா எழுதுத மெசினும் இருக்காம். ரெண்டுக்கும் மேலத்தெரு அத்தையத் தெரியாது. எழுதித் தாரது நல்லா வழவழன்னுதான் இருக்கும். பொறவு ஹார்வர்டு நேர்முகத்துக்குக் கூப்புட்டா அர மணி நேரம் எதிர்ல உக்காந்திருக்க ஆளு ஒன் விண்ணப்பத்த முழுசா வாசிச்சிட்டு வந்திருப்பாரு. அத்தை என்ன சொன்னான்னு கேட்டா, ஆலோசகருக்குப் போன் போடுவியா? ஒன் மேனேஜர் தாற சிபாரிசுக் கடிதாசில ஒருத்தன், கட்டுரைல ஒருத்தன்னு ரெண்டு பேரு இருந்தா, ரெண்டு பேருக்கும் சேத்து எடம் குடுக்க மாட்டாவ.

இந்திரா நூயின்னு ஒரு அம்மா, சென்னைல பொறந்து வளந்தவங்க. யேல்ல படிக்கும்போது ராத்திரி ரிசப்ஷன்ல வேல பாத்துச் சேத்த காசுல ஒரு கோட்டும் சூட்டும் வாங்கிட்டு நேர்முகத்துக்குப் போயிருக்காங்க. அளவே சரியில்ல, பாக்கிறவங்க மூஞ்சி மாறிப்போச்சு. அழுதுக்கிட்டு வந்தவங்ககிட்ட பள்ளிக்கூடத்து அம்மா ஒருத்தங்க, ஊர்ல என்ன உடுத்துவியோ அத உடுத்திட்டுப் போன்னாங்களாம். அடுத்த நேர்முகத்துக்குச் சேலைல போனாங்க, வேல கெடச்சுது. இத அவங்களே பல மேடைல சொல்லியிருக்காங்க. ஒடனே வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நிக்காத, கோட்டிப்பயலே. ஒனக்கு வேட்டியும் அளவு சரியா நிக்காது.

விண்ணப்பத்துக்கு ஹார்வர்டு 250 டாலர் வாங்குதானாமே. ஒரு ஆளு கதைய வாசிக்க இருபதாயிரத்துக்கு மேல! நான் ஊரு பூரா கதையையும் வாசிச்சு, எழுதியும் குடுத்தேன், ஒரு வெத்தலைக்கு வழியில்ல. சரி, அந்த நோட்ட எடு, பேனாவ எங்கிட்டக் குடு. இங்கிலீசு வேண்டாம், அத நீ பொறவு பாத்துக்கோ. இப்பச் சொல்லு: அன்னைக்கு மேலத்தெரு அத்தை வீட்டுக்குக் கேக்கப் போனேல்ல, வாசல்ல ஒன்னப் பாத்ததும் அவ என்ன சொன்னா? ஏசுனத ஏசுனபடியே சொல்லு. ஹார்வர்டுக்கு எம்புட்டு தாங்குமோ அம்புட்டு நான் விட்டுவைக்கேன்.